வீட்டை வந்து சொன்ன கூட்டம்

ஆகாயத்தில் வந்த விமானத்தை நிலத்தில் நின்றபடியே திருப்பி அனுப்பின மனுசர் இந்தப் பூமியில் ஒருவர்தான். பெயர் ஏரம்பர், ஊர் நாவற்புலம். அமெரிக்காக்காரனிடம் ராடர் இருக்கலாம், ரஷ்யாக்காரனிடம் ராக்கெட் இருக்கலாம். ஏரம்பரிடம் இருந்தது ஒரு நாலு முழ வேட்டி, தோளில் ஒரு துவாய், அதோடு ஒரு செருமல். அவர் வெங்காயப் பாத்தியில் நின்று ஒருக்கால் செருமினால், கொழும்பிலிருந்து வருகிற விமானம் மேலே நின்று, "இறங்கலாமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கும். நம்பாதவர்கள் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க விசாரித்துப் பார்க்கலாம். ஒருவரும் மறுக்கமாட்டார்கள். ஏனென்றால் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

செருமல் மட்டும் உண்மையாகவே பெரிது. மற்றப்படி ஏரம்பர் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் மாறி மாறிப் போடுகிற ஒரு தோட்டக்காரர். அவரைப் பற்றி ஊர் அறிந்த ஒரே விசேஷம், சொல்லாத இடத்துக்கு அவர் போகமாட்டார் என்பதுதான். சொல்வதென்றால் வீட்டுக்கு வந்து சொல்ல வேணும். படலையைத் திறந்து, முற்றம் தாண்டி, கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, இன்ன நாள், இன்ன விசயம், கட்டாயம் வர வேணும் என்று சொல்ல வேணும். ஒருமுறை பக்கத்து வளவில் கலியாணம். அவர்கள் வேலிக்கு மேலாலே எட்டிச் சொன்னார்கள். வேலிக்கு மேலாலே சொல்வது கோழி காணாமல் போனால் கேட்கிற மாதிரி என்று ஏரம்பர் கணக்கெடுத்தார். மேளச் சத்தம் கேட்கக் கேட்கத் தன் வீட்டுக் குசினியில் பழஞ்சோறு தின்றார்.

அவர் வளர்த்த கிடாய்க்கு இந்தக் கொள்கை இல்லை. அதற்கு மணியகாரன் என்று பெயர். கட்டை அறுத்துக்கொண்டு எந்த வளவுக்கும் போகும், எந்தக் கலியாணத்து வாழையையும் தின்னும். எசமான் போகாத வீடுகளுக்கெல்லாம் சேர்த்து அது போய்வந்தது என்று ஊரில் சமாதானம் சொல்வார்கள்.

ஏரம்பர் போகாத வீடுகளில் ஒன்று அவருடைய தங்கச்சி இரத்தினம்மாவுடையது. வேலிகளுக்கு நடுவே போகிற ஒழுங்கையால் நடந்தால் ஒரு சுருட்டு முடிகிற தூரம். இரத்தினம்மாவின் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு வந்தது. தாய்மாமன் வந்து தேங்காய் உடைக்காமல் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கிற வழக்கமில்லை. அப்படிப்பட்ட தாய்மாமனுக்கு இரத்தினம்மா, சந்தையில் கண்ட ஊர்க்காரத் தம்பிஐயாவிடம் சொல்லிவிட்டாள். புருசன் காய்ச்சலில் கிடந்தார், வீட்டில் வேறு பெரிய ஆள் இல்லை, அண்ணைதானே என்று நினைத்தாள். தம்பிஐயா வழியில் கள்ளுத் தவறணைக்குள் இறங்கி ஏறி, செய்தியைக் கொண்டுவந்தபோது பொழுது பட்டுவிட்டது. அதுவும் வேலிக்கு மேலாலே. தேங்காயை ஆரோ ஒன்றுவிட்ட சகோதரர் உடைத்தார். அன்றைக்குத் தொடங்கி அண்ணனும் தங்கச்சியும் பேச்சில்லை.

ஆனால் கிணறு ஒன்றுதான். தகப்பன் விட்டுப்போன பங்குக் கிணறு, ஊரின் வடக்குக் கரையில், கலட்டி ஒழுங்கை முடிகிற இடத்தில். ஒருநாள் ஏரம்பருக்கு முறை, மறுநாள் இரத்தினம்மா வீட்டுக்கு முறை. முறை மாறும்போது இறைப்பு மெசினின் குழாயை மட்டும் கிணற்றுக் கட்டில் சுருட்டி வைத்துவிட்டுப் போவார்கள். அவள் எப்போதும் ஒழுங்காய்ச் சுருட்டி வைப்பாள். அவர் அவளுடைய மெசினுக்கென்று ஒரு போத்தலில் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் விடுவார். பேச்சில்லை என்றால் பேச்சில்லைதான். மற்றதெல்லாம் நடந்தது.

அந்தக் கலட்டி ஒழுங்கை விமான நிலையத்தின் ஓடுபாதை முடிகிற பக்கத்தால்தான் போகும். தோட்டக்காரர் கிணற்றுக்குப் போவதும் அந்த வழியால்தான். கரையோர மீன்காரர் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு சந்தைக்கு வருவதும் அந்த வழியால்தான். எண்பத்து மூன்றாம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கையோடு, விமான நிலையத்தைச் சுற்றியிருக்கிற வேலி, ஒழுங்கை, மரம், மிருகம் எல்லாவற்றுக்குமான பழைய விதிகளைத் திருப்பிப் பார்க்கப்போவதாக அரசாங்கத்திலிருந்து ஒரு அறிவித்தல் வந்தது. பொதுமக்கள் வந்து தங்கள் கருத்தைச் சொல்லலாம், இடம் நாவற்புலம் பள்ளிக்கூடம், வெள்ளிக்கிழமை பின்னேரம் என்று தட்டச்சடித்து, விமான நிலைய வாசல் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

அதை முதலில் கண்டது மீன்கார யாகோப்பு. சந்தையில் விளைமீன் வெட்டிக்கொண்டே சொன்னான். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை எப்போது வருகிறது என்று காகத்துக்கும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஒருவரும் போகவில்லை.

தெரியாமல் அல்ல. தாங்களாக அறிவது வேறு, ஒருவர் வந்து சொல்லிக் கேட்பது வேறு. பலகைக்குச் சொன்னால் பலகை போகட்டும் என்று சண்முகநாதன் வாத்தியார் சொன்னாராம். தங்கள் கரைக்கு ஒருவரும் வரவில்லை, தோட்டக்காரருக்குச் சொல்லியிருப்பார்கள் என்று யாகோப்பின் ஆட்கள் நினைத்தார்கள். கரைக்குச் சொல்லியிருப்பார்கள் என்று தோட்டக்காரர் நினைத்தார்கள். ஏரம்பர் மட்டும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட றோட்டால், வேண்டுமென்றே, மெல்ல நடந்தார். உள்ளே இருக்க ஆளில்லாத வெறும் வாங்குகள். முன்னால் ஒரு மேசை, மேசையில் உடைக்காத சோடாப் போத்தல்கள், அதற்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு மனுசர். அவர் வெளியே பார்த்தார். ஏரம்பர் பெரிதாக ஒருக்கால் செருமிவிட்டு நேரே போய்விட்டார். வீட்டுக்கு வந்து, இன்றைக்கு அவங்களுக்கு ஒரு பாடம் என்று மனுசி நல்லம்மாவிடம் சொன்னார். நல்லம்மா, பாடம் ஆருக்கு என்று பிறகு தெரியும் என்றாள்.

பிறகு தெரிந்தது. அடுத்த கிழமை இறைப்புக்குப் போனபோது கலட்டி ஒழுங்கையின் வாயில் வெள்ளை மை பூசின கட்டைகள். அலவாங்கால் குழி தோண்டிக்கொண்டிருந்த பெடியன்களிடம் கேட்டார். ஒழுங்கையை மூடி வேலி போடப்போகிறதாம். இது அடையாளம் மட்டும்தான், கடுதாசி மாத முடிவில்தான் கொழும்புக்குப் போகிறதாம். கூட்டம் வைத்ததாம், ஒருவரும் வரவில்லையாம், ஆகையால் எதிர்ப்பு ஒன்றும் இல்லையாம்.

ஏரம்பர் கட்டையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். ஒழுங்கை போனால் பெரிய றோட்டால் ஊரைச் சுற்றித்தான் வர வேணும். மெசினைச் சைக்கிளில் கட்டி அவ்வளவு தூரம் தள்ளலாம், அவரால் முடியும். இரத்தினம்மாவின் புருசனுக்குக் காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சு சரியில்லை. அவர்களால் முடியாது. அந்தப் பங்கு தண்ணியில்லாமல் கருகும். குழாய் சுருட்டிக் கிடந்ததை ஏரம்பர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார் என்று, வரம்பில் நின்ற நல்லம்மா பிறகு சொன்னாள்.

விமான நிலையக் கந்தோருக்குப் போய்ப் பேச வேணும். ஆனால் சொல்லாத இடத்துக்கு எப்படிப் போவது? அன்றிரவு முழுக்க யோசித்தார். விடிய ஒரு வழி கண்டுபிடித்தார். நல்லதுக்குச் சொன்னால்தான் போக வேணும். கெட்டதுக்குச் சொல்லாமலே போகலாம். செத்தவீட்டுக்கு ஆரும் வெற்றிலை வைக்கிறதில்லை. இது ஒழுங்கையின் செத்தவீடு. அப்படி நினைத்துக்கொண்டு, துவாயை இடுப்பில் கட்டி, நெற்றியில் சந்தனம் வைக்காமல், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். வழியில் கண்ட தம்பிஐயா, ஆர் போய்விட்டது என்று கேட்டானாம்.

கந்தோரில் இருந்த அந்தக் கண்ணாடி போட்ட மனுசரின் பெயர் பஞ்சலிங்கம். கொழும்புக் கந்தோரில் உத்தியோகம், இந்த விதி வேலைக்காக வந்து நின்றார், சொந்த இடம் பக்கத்துக் கொக்குவில். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். ஏரம்பர் இருந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். செத்தவீட்டில் குடிக்கிறதில்லை என்று மனதுக்குள் சொன்னார்.

பஞ்சலிங்கம் கோபக்காரரல்ல, ஆனால் அந்த வெறும் வாங்குகள் அவருக்கு உறைத்திருந்தன. தான் மெனக்கெட்டு வந்து பொழுதுபடும்வரை இருந்ததையும், மண்வெட்டியோடு ஒருவர் செருமிவிட்டுப் போனதையும் சொன்னார். ஏரம்பர் வந்த செருமலை விழுங்கினார்.

"வராதவை சம்மதம் எண்டுதான் நாங்கள் எடுக்கிறது," என்றார் பஞ்சலிங்கம். "அதுதான் எங்கடை முறை."

"எங்கடை முறையிலை," என்றார் ஏரம்பர், "வராதவை கோவம் எண்டுதான் அர்த்தம்."

பஞ்சலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவருடைய கலியாணத்துக்கு, கார்ட்டைத் தபாலில் அனுப்பினதுக்காக ஒரு பெரியப்பா இன்றுவரை அவர் வீட்டு வாசல் மிதிக்கவில்லையாம். கொழும்பில் இருந்து இருந்து அதை மறந்துபோனேன் என்றார். பலகையில் ஒட்டினது சட்டப்படி சரிதான், ஆனால் ஒருவரும் வராத கூட்டத்தைக் கூட்டம் என்று தான் எழுதினது பிழை என்றும் ஒத்துக்கொண்டார். கடுதாசி போக இன்னும் நாள் இருக்கிறது, இன்னொரு கூட்டம் வைப்போம் என்றார்.

ஏரம்பருக்குப் பாதி உயிர் வந்தது. அப்படியென்றால் தன் வீட்டுக்கு வந்து சொல்லும்படி கேட்டார்.

"உங்கடை வீட்டுக்கு மட்டும் வந்தால் அது பட்சபாதம் அண்ணை," என்றார் பஞ்சலிங்கம். "அந்த ஒழுங்கையாலை போற எல்லா வீட்டுக்கும் வருவன். கரைக்கும் போவன். எல்லாருக்கும் ஒரே கதை, ஒரே மாதிரி. எனக்கு வீடுகள் தெரியாது. நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேணும்."

எல்லா வீட்டுக்கும் என்றால் எல்லா வீடும்தான். அந்தக் கணக்கில் எந்த வீடு வருகிறது என்று ஏரம்பருக்கு உடனே விளங்கியது. செருமல் பாதியில் நின்றுபோனது.

சனிக்கிழமை காலமை இரண்டு பேரும் புறப்பட்டார்கள். ஜீப்பை ஏரம்பர் மறித்தார். ஜீப் வந்தால் சனம் பின் வளவால் ஓடிவிடும் என்றார். ஆகையால் சைக்கிள். பஞ்சலிங்கம் காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பெடியன் மாதிரி வந்தார். முதல் வீட்டில் தேத்தண்ணி. இரண்டாம் வீட்டில் தேத்தண்ணியும் வடையும். மூன்றாம் வீட்டில் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவரை ஏரம்பர் காலால் இடித்தார். குடிக்காமல் சொன்னால் சொன்னதாகாது. வாத்தியார் வீட்டில் அரை மணித்தியாலம் இருந்து, அவர் தன் ஓய்வூதியப் பிரச்சினையைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்கள். அதற்கும் விமானத்துக்கும் ஒரு தொடுப்பும் இல்லை. ஆனாலும் வாத்தியார் கட்டாயம் வருவேன் என்றார். பஞ்சலிங்கம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கதையைச் சொன்னார். ஒழுங்கையை மூடுகிற யோசனை இருக்கிறது, முடிவாகவில்லை, முடிவெடுக்கிறது தானல்ல, மேலிடம். ஆனால் நீங்கள் சொல்வதை ஒரு சொல்லும் விடாமல் மேலே கொண்டுபோவது தன் வேலை, பிறகு முடிவையும் காரணத்தையும் வந்து சொல்வதும் தன் வேலை. பொய் நம்பிக்கை ஒன்றும் கொடுக்கவில்லை. அது ஏரம்பருக்குப் பிடித்துப்போனது.

கரையில் யாகோப்பின் மனுசி லூர்த்தம்மா மீனும் நண்டும் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சி, பனையோலைப் பிளாவில் வார்த்துக் கொடுத்தாள். பஞ்சலிங்கம் உறைப்பில் கண் கலங்கக் கலங்க இரண்டு பிளா குடித்தார். ஏரம்பர் சனிக்கிழமை மச்சம் தொடுவதில்லை என்று ஒரு புது விரதத்தை அந்த இடத்திலேயே உண்டாக்கினார். லூர்த்தம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். விமானக்காரருக்கு எங்களுடைய சொல்லு வேணும், உங்களுக்கு எங்களுடைய கோப்பை வேண்டாமோ என்று கேட்கிற பார்வை. ஏரம்பர் வேலியைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், கடைசியில் ஒரு தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். அவர் பரம்பரையில் அந்தக் கரையில் குடிக்கப்பட்ட முதல் தேத்தண்ணி அதுதான். சீனி கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று மட்டும் சொன்னார். விடியப்புறம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்த ஒழுங்கை இல்லாவிட்டால், மீன் சந்தைக்கு வருமுன் வெயில் வந்துவிடும் என்று யாகோப்பு விளங்கப்படுத்தினான். பஞ்சலிங்கம் இது தனக்குத் தெரியாது என்று அங்கேயே சொன்னார்.

திரும்பி வரும்போது ஒரு வீடுதான் மிச்சம்.

படலையடியில் ஏரம்பர் சைக்கிளை நிறுத்தி, சங்கிலி கழன்றுவிட்டது என்று குனிந்தார். சங்கிலி கழலவில்லை. பஞ்சலிங்கம் தனியே உள்ளே போனார். இரத்தினம்மா கதிரை போட்டாள், தேத்தண்ணி கொண்டுவந்தாள், சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டாள். பிறகு, படலையில் குனிந்து நிற்கிறது ஆர் என்று கேட்டாள். வழிகாட்ட வந்தவர் என்றார் பஞ்சலிங்கம். அந்த வழிகாட்டிக்கு இந்த முற்றத்து வழி நன்றாகத் தெரியும் என்றாள் அவள். தன் பங்குக்கும் சேர்த்து அண்ணையே கூட்டத்தில் சொல்லட்டும் என்றாள். பஞ்சலிங்கம் தலையாட்டவில்லை. உங்கள் பங்குக்கு நீங்கள்தான் சொல்ல வேணும், ஒருவருக்காக இன்னொருவர் சொன்னதை நான் எழுதமாட்டேன் என்றார்.

அவள் முற்றத்துக்கு இறங்கிவந்து, படலையைப் பார்த்து நின்றாள்.

படலையில் இருந்து ஒரு செருமல் கேட்டது. சின்னதாக.

"பிள்ளை," என்றார் ஏரம்பர், சைக்கிளைப் பார்த்தபடி. "வாற வெள்ளி பின்னேரம் கூட்டம். நீ வர வேணும்."

"உள்ளை வந்து சொல்லுங்கோ அண்ணை," என்றாள் இரத்தினம்மா. "உதிலை நிண்டு சொன்னால், அது தம்பிஐயா சொன்ன மாதிரித்தான்."

பஞ்சலிங்கம் அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார். ஏரம்பர் சைக்கிளை வேலியில் சாத்தினார். படலையைத் திறந்தார். முற்றம் தாண்டினார். கதிரையில் இருந்தார். தேத்தண்ணி வந்தது, கூடவே பனங்கட்டி ஒரு துண்டு. சீனியைவிட அவருக்குப் பனங்கட்டிதான் விருப்பம் என்று அவள் மறக்கவில்லை. குடித்து முடித்து, இன்ன நாள், இன்ன விசயம், கட்டாயம் வர வேணும் என்று முறைப்படி சொன்னார். சாமத்தியப்பட்ட பிள்ளை இப்போது நெடுநெடென்று வளர்ந்து, கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததும் ஏரம்பருக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. செம்மண் ஊர், தூசிக்குக் குறைவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் இருக்க வாங்கு கிடைக்கவில்லை. ஒழுங்கையோடு சம்பந்தமில்லாதவர்களும் வந்திருந்தார்கள். சொன்ன பிறகு போகாவிட்டால் மரியாதையில்லை அல்லவா. கரைச் சனம் முன் வாங்கில். யாகோப்பு வெள்ளைச் சேட்டுப் போட்டு, பூசைக்கு வந்தவன் மாதிரி இருந்தான். சோடாப் போத்தல்கள் இந்தமுறை போதவில்லை. பஞ்சலிங்கம் கரும்பலகையில் ஓடுபாதை, ஒழுங்கை, கிணறு எல்லாம் கீறினார். கிணற்றைப் பிழையான இடத்தில் கீறினார். ஊரே எழும்பி நின்று திருத்தியது.

விமான நிலையத்துப் பாதுகாப்பைப் பார்க்கிற செபநாயகம் என்பவரையும் பஞ்சலிங்கம் கூட்டிவந்திருந்தார். அவரும் ஒரு பங்குகாரர், அவருடைய பக்கத்தையும் கேட்க வேணும் என்றார். ஒழுங்கையை ஏன் மூட வேணும் என்று வாத்தியார் கேட்டார். பாதுகாப்புக் காரணம் என்றார் செபநாயகம். அது என்ன காரணம் என்று இரத்தினம்மா கேட்டாள். சொன்னால்தானே அதற்கு ஒரு வழி பார்க்கலாம் என்றாள். செபநாயகம் பஞ்சலிங்கத்தைப் பார்த்தார். எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள் என்றார் பஞ்சலிங்கம்.

அப்போதுதான் விசயம் வெளியே வந்தது. போன மாரி முடிந்த கையோடு ஒருநாள், இறங்க வந்த விமானம் நிலத்தைத் தொடுகிற நேரம், ஒழுங்கைப் பக்கத்தால் ஒரு ஆடு ஓடுபாதைக்கு வந்து நின்றதாம். விமானம் திரும்ப மேலே எழும்பி, கடலைச் சுற்றிவந்துதான் இறங்கினதாம். உள்ளே கைக்குழந்தைகளும் இருந்ததாம். இன்னொருமுறை நடந்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். என்ன ஆடு என்று யாகோப்பு மெல்லக் கேட்டான். கறுப்புக் கிடாய், ஒரு கொம்பு வளைந்தது, கழுத்தில் அறுந்த கயிறு என்றார் செபநாயகம்.

ஊரில் ஒற்றைக் கொம்பு வளைந்த கறுப்புக் கிடாய் ஒன்றுதான். ஆனாலும் ஒரு தலையும் ஏரம்பர் பக்கம் திரும்பவில்லை. நாவற்புலத்துச் சனம் அந்த விசயத்தில் தங்கம். செபநாயகத்துக்குத் தெரியவழியில்லை. பேசாமல் இருந்திருந்தால் அந்த ஆடு இன்றுவரை ஆருடையதோ ஆடுதான். ஏரம்பர் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஒரு சொல்லும் விடாமல் எழுதுவேன் என்றவரை வீட்டுக்கு வீடு கூட்டிக்கொண்டு போனவர், தானே ஒன்றை எப்படி மறைப்பது? எதிர்ப்பக்கத்து வாங்கில் இருந்து தங்கச்சி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழும்பினார். செருமவில்லை.

"அது என்ரை கிடாய்," என்றார். "ஒருத்தரும் சொல்லாமல் தானாய்ப் போயிருக்கு. பிழை ஒழுங்கையிலை இல்லை, என்ரை கயித்திலை."

முதலில் பின் வாங்கில் தம்பிஐயா சிரித்தான், பிறகு எல்லாரும் சிரித்தார்கள், செபநாயகமும் சிரித்தார். அதற்குப் பிறகு கூட்டம் வேறு கூட்டமாகிவிட்டது. தன்னுடைய மாடும் ஒருநாள் அந்தப் பக்கம் போனது என்று வாத்தியார் தானாகவே ஒப்புக்கொண்டார். ஓடுபாதைப் பக்கத்து வேலியில் ஓட்டை இருப்பது உண்மை, அதை அடைக்காதது தங்கள் பிழை என்று செபநாயகம் சொன்னார். மறிக்க வேண்டியது ஆட்டையா ஆளையா என்று கேட்டது இரத்தினம்மா. கொக்குவிலில் றெயில் வாற நேரம் கேற்றை மூடுகிறார்கள், றெயில் போனதும் திறக்கிறார்கள், அங்கே ஒருவரும் றோட்டை அழிக்கவில்லையே என்றாள். கொக்குவில்காரர் எழுதிக்கொண்டே, என்ரை ஊரை எனக்கே சொல்லித் தாறியள் என்றார்.

கேட்டதெல்லாம் கிடைத்தது என்று ஆரும் நினைக்கக்கூடாது. சித்திரை வருசப்பிறப்புக்குக் கொஞ்சம் முன்னால் பஞ்சலிங்கம் மறுபடியும் சைக்கிளில் வந்தார். சொன்னபடி வீட்டுக்கு வீடு வந்தார், தேத்தண்ணிக்கு இந்தமுறை வயிற்றைக் காலியாகக் கொண்டுவந்தார். கலட்டி ஒழுங்கை இருக்கும். விமானம் வருகிற நேரம் மட்டும் ஒரு கேற் மூடப்படும். விடியப்புறம் விமானம் இல்லை, மீன்காரருக்குத் தடையில்லை. வேலி ஓட்டையை அவர்கள் அடைப்பார்கள். ஆடு மாட்டைக் கட்டி வளர்ப்பது ஊர்க்காரர் பொறுப்பு. ஓடுபாதைக்கு நேரே நிற்கிற சில பனைகள் மட்டும் தறிக்கத்தான் வேணும், அதில் ஒன்று ஏரம்பருடையது. ஏன் அந்தப் பனை, ஏன் பக்கத்துப் பனை அல்ல என்று ஏரம்பர் கேட்டார். பஞ்சலிங்கம் அவரைக் கூட்டிப்போய், ஓடுபாதை முடிவில் நிற்கவைத்து, கையை நீட்டிக் காட்டினார். ஏரம்பர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். சரிதான், பனையின் உச்சி வட்டு நேரே வழியில் நின்றது. கவலைதான், ஆனால் கோவமில்லை என்றார். தறிக்கிற நாளையும் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். ஏரம்பர் போய் நின்று பார்த்தார், விழுந்த பனையில் இருந்து குருத்தோலையை வெட்டித் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல், தானே கொண்டுபோனார்.

மணியகாரனுக்கு இப்போது சங்கிலி. விமானம் மேலால் போகிற நேரம் அது தலையைத் தூக்கிப் பார்த்து ஒருக்கால் கத்தும். உள்ளே இருக்கிறவர்களுக்குக் கேட்காது. ஆனால் அதுதான் அந்த விமானத்தைத் திருப்பினது என்று அதற்கு ஞாபகம் இருக்கும் போலத்தான் தெரிகிறது.

இவ்வளவும் எழுதி முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரம்பர் தங்கச்சி வீட்டுக்கு வந்தார். இப்போதெல்லாம் அவர் படலையில் நிற்பதில்லை, சங்கிலியும் கழலுவதில்லை. செருமல் முற்றத்துக்கு வரும்போதே இரத்தினம்மா கேத்தலை அடுப்பில் வைத்துவிடுவாள். எழுதினவன் அந்த வீட்டுப் பெடியன், இரத்தினம்மாவின் மகன். மாமனுக்கு முன்னால் இருந்து முழுவதையும் உரத்து வாசித்தான். விமானம் அனுமதி கேட்கிற இடத்தில் ஏரம்பர் மறுக்கவில்லை. சுருட்டை ஒரு இழுவை கூடுதலாய் இழுத்தார். பழஞ்சோறு என்ற இடத்தில், அது இடியப்பம் என்று திருத்தினார். தூசி விழுந்த இடத்தில் வேலியைப் பார்த்தார். வாசித்து முடிந்தது.

"முடிஞ்சுதோ?"

"ஓம் மாமா."

"நல்லாய்த்தான் இருக்கு." ஏரம்பர் சாம்பலைத் தட்டினார். பிறகு பெரிதாக ஒருக்கால் செருமினார். "எல்லாம் சரி மருமோன். என்னைப் பற்றி நீ எழுதப்போறாய் எண்டு என்ரை வீட்டை வந்து ஆர் சொன்னது?"